நின்று உழைப்பவரின் ஹக்கு

 

 

மார்க்கம் என்று சொன்னவுடனே நம்முடைய நினைவு தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ்ஜு ஆகியவற்றின் பக்கம் போகிறது. போக வேண்டியதுதான். ஆனால் கடையின் கல்லாவும், பட்டறையும், கல் குவாரியும், சமையற்கட்டும்கூட மார்க்கத்திற்கு உட்பட்ட இடங்களே. நாளை மஹ்ஷரில் நம்முடைய தொழுகையைப் பற்றி விசாரணை உண்டு. நம்மிடம் வேலை செய்தவரின் ஹக்கைப் பற்றியும் விசாரணை உண்டு. தொழுகையில் நேர்ந்த குறையை ரஹ்மானிடம் அழுது கேட்டால் அவன் மன்னிக்கக்கூடும். அடியானின் ஹக்கையோ, அந்த அடியான் மன்னித்தாலன்றி மன்னிப்பு இல்லை.

அந்த ஹக்குகளில் கூலியைப் பற்றி நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். வியர்வை உலரும் முன்னே கூலியைக் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதை அறியாத முஸ்லிம் இல்லை. ஆனால் அந்த வியர்வை சிந்துகிற உடம்புக்கும் ஒரு ஹக்கு உண்டே, அதைப் பற்றி நாம் எத்தனை முறை சிந்தித்திருக்கிறோம்?

ஒரு நாற்காலிக்காக ஒரு சட்டம்

நம் புதுக்கோட்டை கீழராஜ வீதிக்கோ, அறந்தாங்கி கடைத்தெருவுக்கோ பெருநாளைக்கு முந்திய நாட்களில் துணி எடுக்கப் போகிறோம். நமக்கு இருக்கை போடுகிறார்கள். பெண்கள் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு புடவையாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். பிரித்துக் காட்டுகிற பெண் பிள்ளை காலையில் வந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள். வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்திலும் அவள் உட்காரலாகாது என்பது பல கடைகளில் எழுதப்படாத விதி. உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர். சம்பளப் பிடித்தம் என்று மிரட்டல்.

பல மணி நேரம் நகராமல் நின்றால் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை வைத்தியர்கள் விளக்குகிறார்கள். காலுக்கு இறங்கிய இரத்தம் மறுபடி இருதயத்திற்கு மேலேற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை அழுந்தி அதை மேலே தள்ளிவிடுகிறது. நின்ற இடத்திலேயே நின்றால் அந்த வேலை நடப்பதில்லை. இரத்தம் காலிலேயே தேங்கிவிடுகிறது. நாளடைவில் இரத்தக் குழாய்கள் புடைத்து, நம் ஜனங்கள் நரம்புச் சுருட்டு என்று சொல்கிற நோய் வருகிறது. பாதவீக்கம், இடுப்புவலி, குதிகால் வலி இவையும் கூடவே வருகின்றன. கர்ப்பமுற்ற பெண்ணின் கஷ்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயமல்ல. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. கடைச் சிப்பந்திகளைக் கேட்பார் இல்லை. பக்கத்துக் கேரளத்திலே கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை செய்த பெண்கள், தையல் தொழில் செய்த பி.விஜி என்ற பெண்மணியின் முயற்சியால், ‘பெண்கூட்டு’ என்ற பெயரில் ஒன்று சேர்ந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது ஒரு கழிப்பிடம். அது இல்லாத காரணத்தால் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோய் தேடிக்கொண்டவர்கள் அவர்கள். அடுத்துக் கேட்டது உட்கார ஓர் இடம். பல வருடப் போராட்டத்திற்குப் பின் 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. கடையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் இருக்கை இருக்க வேண்டும். வாய்ப்புக் கிடைத்தபோது அவர் உட்கார்ந்துகொள்ளலாம். இதுதான் அதன் சாரம்.

சகோதரர்களே! ஒரு மனிதன் களைத்தபோது உட்கார்ந்துகொள்ள அரசாங்கம் சட்டம் போட வேண்டியிருந்தது. இது யாருக்கு வெட்கம்? சட்டம் வருவதற்கு ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுக்கப்பட்ட உம்மத்து அல்லவா நாம்!

அல்லாஹ்வின் சன்னிதியில் அனுமதி உண்டு

அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் இரவு நெடுக நின்று வணங்குவார்கள். களைப்பு வரும்போது பிடித்துக்கொள்வதற்காகப் பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளே வந்து அதைக் கண்டார்கள். இது என்ன என்று விசாரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, உற்சாகம் இருக்கும்வரை தொழுங்கள், களைத்துவிட்டால் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் அருளினார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிற இச்செய்தி புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியிருக்கிறது.

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. தொழுவது எப்படி என்று கேட்டார்கள். நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து தொழுங்கள், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழுங்கள் என்பதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். ஃபர்ளான தொழுகையில் நிற்பது ருக்னு என்பதை நம் மக்தப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்த ருக்னே முடியாதவருக்காகத் தளர்த்தப்படுகிறது.

இப்போது சற்று நிதானித்துப் பாருங்கள். அர்ஷுக்குரிய ரப்பு, தன்னுடைய சன்னிதியில் நிற்க முடியாதவனைப் பார்த்து உட்கார்ந்துகொள் என்கிறான். ஆறு முழக் கடைக்குச் சொந்தக்காரர், தன்னுடைய சன்னிதியில் எவரும் உட்காரக் கூடாது என்கிறார்! அல்லாஹ் கேட்காத மரியாதையை அடியான் கேட்கலாமா?

முஆத் (ரலி) அவர்களின் சம்பவமும் நாம் அறிந்ததே. இஷாத் தொழுகையில் அவர்கள் நீண்ட சூராவை ஓதத் தொடங்கினார்கள். தண்ணீர் இறைக்கும் ஒட்டகங்களோடு பகலெல்லாம் பாடுபட்டு இருட்டிய பின் வந்த ஒரு மனிதரால் தாங்க முடியவில்லை. விலகித் தனியே தொழுதுவிட்டுப் போய்விட்டார். விஷயம் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. போனவரை அவர்கள் கண்டிக்கவில்லை. முஆத் (ரலி) அவர்களையே கண்டித்தார்கள். உமக்குப் பின்னால் முதியவரும் பலவீனரும் வேலையுள்ளவரும் நிற்கிறார்கள் என்று உணர்த்தினார்கள். உழைத்துக் களைத்த ஒரு தொழிலாளியின் உடம்புக்காகத் தொழுகையின் நீளமே குறைக்கப்பட்ட மார்க்கம் இது.

முதலாளியின் ஸாலிஹ்தனம்

திருமறையின் கஸஸ் சூராவில் ஒரு கூலி ஒப்பந்தம் சொல்லப்படுகிறது. மூஸா (அலை) அவர்கள் அடைக்கலம் தேடி மத்யனுக்கு வருகிறார்கள். இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நிழலில் ஒதுங்குகிறார்கள். அப்பெண்களின் தந்தையாகிய பெரியவர் அவர்களை வேலைக்கு அமர்த்துகிறார். எட்டு வருடம் வேலை. பத்தாக நிறைவு செய்தால் அது உங்கள் விருப்பம் என்கிறார். அத்தோடு இன்னொன்றும் சொல்கிறார்: உம்மைக் கஷ்டத்திற்கு உள்ளாக்க நான் விரும்பவில்லை, இன்ஷா அல்லாஹ் என்னை ஸாலிஹானவர்களில் ஒருவராகக் காண்பீர் என்கிறார்.

இதைக் கவனிக்க வேண்டும். வேலைக்கு வருபவரின் தகுதியை அப்பெரியவரின் மகள் சொல்லிவிட்டாள்: பலம், நம்பிக்கை. வேலை கொடுப்பவரின் தகுதி எது? பெரியவர் தம் ஸாலிஹ்தனத்திற்குச் சாட்சியாக எதைக் காட்டினார்? தம்முடைய வணக்கத்தையா, தர்மத்தையா? இல்லை. வேலையாளைக் கஷ்டப்படுத்த மாட்டேன் என்பதைத்தான். ஒரு முதலாளி ஸாலிஹானவரா என்பதை அவருடைய நெற்றித் தழும்பில் மட்டும் பார்க்கலாகாது; அவருடைய வேலையாளின் முகத்திலும் பார்க்க வேண்டும்.

நமக்குக் கீழே வேலை செய்வோர் நம் சகோதரர்கள், அல்லாஹ் அவர்களை நம் பொறுப்பில் வைத்திருக்கிறான், நாம் உண்பதில் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும், சக்திக்கு மீறிய சுமையைச் சுமத்தலாகாது, சுமத்த நேர்ந்தால் நாமும் கை கொடுக்க வேண்டும் என்பது அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. சமைத்துக் கொண்டுவந்த பணியாளர் அடுப்பின் சூட்டையும் புகையையும் தாங்கியவர். ஆகவே அவரைக் கூட உட்கார வைத்துச் சாப்பிடுங்கள், இயலாவிட்டால் ஒரு கவளமாவது அவர் கையில் கொடுங்கள் என்றும் ஏவப்பட்டிருக்கிறது. அந்தச் சூட்டையும் புகையையும் நாயகம் (ஸல்) அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள்! ஹோட்டலில் புரோட்டாக் கல்லின் முன்னால் நிற்கிறவரின் சூடு நம் கணக்கில் வருகிறதா?

ஃபிக்ஹு சொல்வது என்ன?

“சம்பளம் கொடுக்கிறேன், அந்த நேரம் முழுவதும் எனக்குச் சொந்தம்” என்று சிலர் வாதிக்கிறார்கள். ஃபிக்ஹின்படி இது சரியல்ல. இஜாரா என்னும் கூலி உடன்படிக்கையில் நாம் விலைக்கு வாங்குவது ஒருவரின் உழைப்பின் பயனைத்தான். அவருடைய உடம்பை வாங்கவில்லை. உடம்பு அல்லாஹ்வின் அமானத்து. நாள் கூலிக்கு அமர்த்தப்பட்டவரின் ஃபர்ளான தொழுகை, அதற்குரிய சுத்தம், உணவு இவற்றுக்கான நேரங்கள் வேலை நேரத்திலிருந்து தாமாகவே விலக்குப் பெறும். அதற்காகக் கூலியைக் குறைக்கலாகாது என்று நம் ஷாஃபிஈ ஃபுகஹாக்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அது உண்டு.

“இஷ்டமில்லாவிட்டால் வேறு கடைக்குப் போகட்டுமே” என்பது இன்னொரு வாதம். தகப்பனில்லாத பிள்ளை, கடன்பட்ட குடும்பம், வேறு போக்கிடம் இல்லாததால் சரி என்று தலையசைக்கிறது. அந்தத் தலையசைப்பை மனப்பூர்வமான சம்மதம் என்று அல்லாஹ்விடம் காட்ட முடியுமா? பிறருக்குத் தீங்கு செய்வதும் தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது ஷரீஅத்தின் அடிப்படை விதி. அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்திலே ஓர் ஒட்டகம் நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அதைத் தடவிக் கொடுத்துவிட்டு, சொந்தக்காரரை அழைத்து, நீர் இதைப் பட்டினி போட்டு ஓய்வின்றி வேலை வாங்குவதாக இது முறையிடுகிறது, இந்த வாயில்லா ஜீவன் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா என்று கேட்டார்கள். அபூதாவூத் நூலில் இது உள்ளது. ஒட்டகத்தின் முறையீடே கேட்கப்பட்டதென்றால், வாயிருந்தும் பயத்தால் மூடிக்கொண்ட மனிதனின் முறையீடு வீணாகுமா?

இன்னும் சிலர், “ரமளானில் எல்லாருக்கும் புதுத்துணி கொடுக்கிறேன், ஜகாத்தும் கொடுக்கிறேன்” என்பார்கள். அல்லாஹ் கபூல் செய்வானாக! ஆனால் ஸதகா வேறு, ஹக்கு வேறு. கடனைத் திருப்பித் தராமல் கடன்காரனுக்கு விருந்து வைத்தால் கடன் தீராது.

தூசியும் வெயிலும்

நம் மாவட்டம் கல்லுக்குப் பேர் போனது. குவாரியிலும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களிலும் வேலை செய்கிற ஏழைகள் ஏராளம். கல்லைத் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் கிளம்புகிற சிலிக்காத் தூசி, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. அது நுரையீரலின் ஆழத்தில் போய்ப் படிந்து, நுரையீரலைத் தழும்பேறச் செய்கிறது. சிலிக்கோசிஸ் என்பது அந்நோயின் பெயர். வந்த பின் குணப்படுத்த மருந்து கிடையாது. அந்நோய் உள்ளவரைக் காசநோயும் எளிதில் பற்றிக்கொள்கிறது. ஆனால் வராமல் தடுக்கலாம். துளைக்கும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே துளைப்பது, கிரஷரில் நீர் தெளிப்பது, தூசியை உறிஞ்சும் கருவி வைப்பது, தகுந்த முகமூடி கொடுப்பது, காலாகாலத்தில் மார்பைப் படம் எடுத்துப் பார்ப்பது இவைதான் வழி. முகத்தில் கட்டுகிற துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. இதைத் தெரிந்துகொண்டே தண்ணீர்ச் செலவை மிச்சம் பிடிக்கிறவர் எதை மிச்சம் பிடிக்கிறார்? ஒரு குடும்பத் தலைவனின் மூச்சையல்லவா!

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடும் உஷ்ண காலத்தில் ளுஹர்த் தொழுகையையே சற்றுத் தணிந்த பின் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் கட்டிட வேலை செய்கிறார்கள். ஐக்கிய அரபு நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்ட வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. கத்தாரில் 2021-இல் இத்தடையை ஜூன் 1 முதல், காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை என்று விரிவுபடுத்தினார்கள். அங்கே நம் பிள்ளைக்கு நிழல் கிடைக்க வேண்டும் என்று இங்கே துஆ செய்கிற நாம், நம் வீட்டுக்குச் செங்கல் சுமக்கிறவருக்குச் சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் நிழல் கொடுக்கிறோமா? நாம் விரும்புவதையே நம் சகோதரருக்கும் விரும்பாதவரை ஈமான் நிறைவுறாது என்ற ஹதீஸை நினைவில் கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

பெரிய பணம் தேவையில்லை. நிய்யத்து வேண்டும்.

ஒன்று: கடையில் ஆளுக்கொரு ஸ்டூலாவது இருக்கட்டும். வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காருங்கள் என்று முதலாளி தம் வாயால் சொல்ல வேண்டும். ஸ்டூலைப் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தால் எவரும் உட்கார மாட்டார்கள்.

இரண்டு: குடிக்க நல்ல தண்ணீரும், பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பிடமும் வேண்டும். இடமில்லாத சிறு கடைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து பொதுவாக ஒன்று ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

மூன்று: பகல் உணவுக்கு நேரம் குறித்துக் கொடுங்கள். மூன்று மணிக்கு ஆறிய சோற்றை நின்றுகொண்டே விழுங்கும் நிலை கூடாது.

நான்கு: வருடத்திற்கு ஒரு முறையாவது வேலையாட்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்யுங்கள். இவை இரண்டும் வெளியே தெரியாமல் உள்ளே இருந்து கெடுப்பவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி வந்தது. அதையொட்டி 2024-இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று வேலை செய்யும் இடத்திற்கே வந்து பரிசோதிக்கும் திட்டமும் ஏற்பட்டது. நமக்கு ஆகிற செலவு அந்த ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்திற்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

ஐந்து: பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. 1952 பிப்ரவரியில் கான்பூரில் தொடங்கிய இத்திட்டத்தில், 2019 ஜூலை முதல் சம்பளத்தில் முதலாளியின் பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளியின் பங்கு 0.75 என்று குறைக்கப்பட்டது. இதற்கு ஈடாக அவருக்கும் குடும்பத்தாருக்கும் வைத்தியம், நோயில் படுத்தால் ஓரளவு சம்பளம், பெண்களுக்குப் பிரசவகால உதவி எல்லாம் கிடைக்கின்றன. இதைத் தவிர்ப்பதற்காகப் பத்துப் பேரை எட்டுப் பேர் என்று எழுதிக் காட்டுவது பொய்யும் ஹக்கைப் பறிப்பதுமாகும். இரண்டுமே பாவம்.

ஆறு: கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளில் விசைப்படகு வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு படகிலும் முதலுதவிப் பெட்டியும், ஆள் எண்ணிக்கைக்குத் தக்க மிதவைச் சட்டைகளும் இருக்கின்றனவா என்று படகு புறப்படும் முன்னே பார்க்க வேண்டும்.

வீடும் பள்ளிவாசலும்

தாய்மார்களே! கடைக்காரர்களை மட்டும் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்கு நீங்களே எஜமானி. அவள் காய்ச்சலோடு வந்தால் திருப்பி அனுப்புகிறீர்களா, அல்லது அன்றுதான் போர்வைகளை எல்லாம் துவைக்கப் போடுகிறீர்களா? அனஸ் (ரலி) அவர்கள் பத்து வருடம் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து வருடத்தில் ஒரு முறைகூட “சீ” என்ற சொல்லைக் கேட்டதில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பத்து நாள் அப்படி இருந்து பாருங்கள், வீட்டில் எத்தனை பரக்கத்து இறங்குகிறது என்று!

ஜமாஅத்து நிர்வாகிகளே! பள்ளிவாசலும் மதரஸாவும்கூட ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிற இடங்கள்தாம். தஹஜ்ஜுது நேரத்தில் எழுந்து இஷா முடிந்து கதவைப் பூட்டுகிற முஅத்தினுக்குக் காற்றோட்டமுள்ள அறை உண்டா? அவர் நோயில் படுத்தால் பாங்கு சொல்ல மாற்று ஆளும், வைத்தியத்திற்குப் பணமும் உண்டா? ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிற மதரஸாச் சமையற்காரருக்குப் புகை போக்கி உண்டா? மின்பரிலிருந்து கடைக்காரர்களுக்கு நஸீஹத் சொல்லும் முன்னே நாம் நம் வாசலைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

வேலை செய்கிற சகோதரர்களுக்கும் ஒரு சொல். உட்கார இடம் கிடைத்ததை வேலையைத் தட்டிக் கழிக்கும் வழியாக்கிவிடாதீர்கள். முதலாளியின் பொருளும் நேரமும் உங்களிடத்தில் அமானத்து. மேலும் உங்கள் உடம்புக்கு உங்கள் மீதே ஹக்கு உண்டு என்று ஹதீஸில் வந்திருக்கிறது. முகமூடி கொடுத்தால் அணியுங்கள். பரிசோதனைக்குக் கூப்பிட்டால் போங்கள். பீடி, புகையிலையை விட்டொழியுங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை. மஹ்ஷர் வெளியிலே நாம் எல்லோரும் நிற்கப்போகிறோம். சூரியன் தலைக்கு அருகே இருக்கும். அர்ஷின் நிழலைத் தவிர வேறு நிழல் இல்லாத நாள் அது. அன்றைக்கு நமக்கு ஓர் இடமும் ஒரு நிழலும் வேண்டுமென்றால், இன்றைக்கு நம் கண் முன்னே நிற்கிறவருக்கு ஓர் இருக்கையும் ஒரு நிழலும் கொடுப்போம். இந்த இதழை மடித்து வைத்ததும், நாளைக் காலையில் கடை திறக்கையில் ஒரு ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளுக்குக் கீழே உள்ளவர்களின் ஹக்கை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தந்தருள்வாயாக! பாடுபடுகிறவர்களின் உடம்பிலே ஆஃபியத்தையும், பாடுபட வைக்கிறவர்களின் உள்ளத்திலே இரக்கத்தையும் தந்தருள்வாயாக! கடல் தாண்டி உழைக்கிற எங்கள் பிள்ளைகளைப் பாதுகாத்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.